பூவா, தலையா?

ஒரே வீதியில் எதிரும் புதிருமாக ஜவுளிக்கடை வைத்திருக்கும் இரண்டு முதலாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இவர் வைத்த விலையை அவர் உடைப்பதும், அவருடைய வாடிக்கைக்காரரை இவர் கைதட்டிக் கூப்பிடுவதுமாக இருபது வருஷம் ஓடியிருக்கிறது. திடீரென்று ஒரு நாள் இருவரும் கை குலுக்கிக்கொண்டு, "இனிமேல் நாங்கள் ஒரே கடை" என்று அறிவித்து விடுகிறார்கள். ஊரார் முதலில் லாப நஷ்டக் கணக்கையா கேட்பார்கள்? "பெயர்ப் பலகையில் யார் பெயர்?" என்றுதான் கேட்பார்கள். இரண்டு கடைக் கணக்குப்பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அதைவிடப் பொல்லாதது: "நம் இருவரில் வீட்டுக்குப் போகப்போகிறவன் யார்?"

அமெரிக்காவில் 2001-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கி மறு வருஷம் மே மாதம் வரையில் இந்த இரண்டு கேள்விகளும் ஒரு பெரிய யுத்தமாகவே நடந்தன. கடைக்காரர்களில் ஒருவர் ஹ்யூலெட்-பாக்கார்ட், சுருக்கமாக எச்.பி. மற்றவர் காம்பாக். இரண்டும் கம்ப்யூட்டர் செய்து விற்கும் மாபெரும் கம்பெனிகள்; ஒன்றையொன்று ஜன்ம விரோதியாகப் பாவித்தவை. கம்ப்யூட்டர் என்றதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். யந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு தகப்பனார், ஒரு பிள்ளை, வெளியிலிருந்து வந்த ஒரு பெண் நிர்வாகி, வாக்குச் சீட்டு, கோர்ட்டு விசாரணை, வெளியே கசிந்துவிட்ட ஒரு டெலிபோன் செய்தி, இவ்வளவும் இந்த விவகாரத்தில் உண்டு. எங்களைப் போன்ற கதாசிரியர்கள் இதைக் கற்பனையாக எழுதி அனுப்பினால், "நம்பத் தகுந்ததாக இல்லை" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

முதலில் தகப்பனார் கதை. 1938-ம் வருஷம் கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ என்ற ஊரில், அடிசன் அவென்யூ 367-ம் நம்பர் வீட்டுக்கு இரண்டு இளைஞர்கள் குடி வந்தார்கள். டேவிட் பாக்கார்ட் மனைவியோடு கீழ்ப் பகுதியில் இருந்தார். வில்லியம் ஹ்யூலெட்டுக்குப் பின்கட்டுக் கொட்டகையில் படுக்கை. இருவரும் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பிரெடெரிக் டெர்மன் என்னும் பேராசிரியரிடம் படித்தவர்கள். மோட்டார் விடும் ஷெட்தான் தொழிற்சாலை. மூலதனம் 538 டாலர். 1939 ஜனவரி முதல் தேதி கூட்டு வியாபாரம் என்று எழுதிக்கொண்டபோது, யார் பெயர் முதலில் என்ற பிரச்னை வந்தது. பூவா, தலையா என்று காசைச் சுண்டிப் போட்டார்கள். காசு ஹ்யூலெட்டின் பெயரை முன்னால் வைத்தது. பெயர்ப் பலகைத் தகராறை இவ்வளவு மலிவாகத் தீர்த்துக்கொண்ட கூட்டாளிகள் வியாபார சரித்திரத்தில் குறைவு!

அவர்கள் முதலில் செய்தது ஒலியலைகளைத் துல்லியமாக எழுப்பும் ஒரு கருவி. அதற்கு "200ஏ" என்று நாமகரணம் செய்தார்கள். முதல் சரக்குக்கே 200 என்று நம்பர் கொடுத்த சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். இதற்கு முன் 199 கருவிகள் செய்து கைபழகியவர்கள் போல ஒரு பாவனை! அந்தக் கருவியின் அடுத்த உருவத்தில் எட்டை வால்ட் டிஸ்னி கம்பெனியார் "பான்டேசியா" என்ற சங்கீதச் சித்திரப் படத்துக்காக வாங்கினார்கள். அதன் பிறகு கம்பெனி வளர்ந்த கதை நீளமானது; அதை விட்டுவிடலாம். வளர்ந்த விதம்தான் நமக்கு முக்கியம்.

இரண்டு பேரும் தங்கள் சிப்பந்திகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தார்கள். லாபத்தில் எல்லோருக்கும் பங்கு கொடுத்தார்கள். ஒரு விடுமுறை நாளில் ஹ்யூலெட் தொழிற்சாலைக்கு வந்தபோது, கருவிகள் வைக்கும் அறை பூட்டியிருந்ததாம். பூட்டை வெட்டியெறிந்துவிட்டு, இனி இந்தக் கதவைப் பூட்டக் கூடாது என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். 1970-ல் வியாபாரம் மந்தமாகியபோது மற்றக் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. எச்.பி.யில் ஆளைக் குறைக்கவில்லை. மேலிருந்து கீழ் வரை எல்லோரும் பத்து நாள் வேலையில் ஒரு நாளை விட்டுக்கொடுத்தார்கள். நூற்றுக்குப் பத்துச் சம்பளம் குறைந்தது. ஒருவர் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. இதற்கெல்லாம் சேர்த்து "எச்.பி. வழி" என்று ஒரு பெயர் வழங்கிற்று. நம்முடைய பெரிய குடும்பங்களில் "எங்கள் தாத்தா காலத்து வழக்கம்" என்று சொல்வோமே, அந்த மாதிரி.

காம்பாக்கின் பிறப்பு வேறு தினுசு. 1982-ம் வருஷம் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஹூஸ்டன் நகரத்தில், ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ என்ற மூன்று பேர் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டு ஆரம்பித்தார்கள். ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் தங்கள் முதல் யந்திரத்தின் படத்தை வரைந்தார்களாம். அப்போது கம்ப்யூட்டர் உலகத்துக்கு ஐ.பி.எம். கம்பெனிதான் சக்கரவர்த்தி. ஐ.பி.எம். யந்திரத்தில் ஓடுவதெல்லாம் அட்சரம் பிசகாமல் தங்கள் யந்திரத்திலும் ஓட வேண்டும். ஆனால் அதைக் கையில் தூக்கிக்கொண்டு போகும்படி இருக்க வேண்டும். இதுதான் அவர்களுடைய யோசனை. தூக்கிப் போவது என்றாலும் அது 28 பவுண்டு கனம். தூக்கினவர் தோள் சும்மா இராது. இருந்தாலும் முதல் வருஷத்திலேயே 11 கோடி டாலருக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் எந்தப் புதுக் கம்பெனியும் அதுவரை முதல் வருஷத்தில் அவ்வளவு விற்றதில்லை. 1994-ல் ஐ.பி.எம்.மையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, உலகத்திலேயே அதிகமான சொந்த உபயோகக் கம்ப்யூட்டர் விற்பவர் என்ற பட்டத்தைப் பெற்றது.

ஒன்று, நிதானமாக எல்லோரையும் கலந்து பேசி முடிவு செய்யும் எஞ்சினீர்கள் வீடு. மற்றொன்று, இன்று நினைத்ததை நாளைக் காலையில் சந்தைக்குக் கொண்டுவந்துவிடும் வேகக்காரர்கள் வீடு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போதுகூட இந்த வித்தியாசத்தைப் பெரியவர்கள் ஆற அமர யோசிப்பார்கள்.

காம்பாக்கின் வயிற்றில் வேறொரு கம்பெனி ஜீரணமாகாமல் கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டிஜிட்டல் என்பது அதன் பெயர். கென் ஆல்ஸன் என்பவரும் ஒரு நண்பரும் 70,000 டாலர் முதலோடு 1957-ல், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஒரு பழைய கம்பளி ஆலைக் கட்டடத்தில் தொடங்கியது. ஒரு காலத்தில் ஐ.பி.எம்.முக்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்தது. சிறிய யந்திரங்களின் காலம் வந்தபோது அதற்குத் தக்கபடி மாறத் தெரியாமல் தேய்ந்து போயிற்று. 1998-ல் காம்பாக் அதை 960 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வாங்குவது சுலபமாக முடிந்தது. சேர்வதுதான் முடியவில்லை. அடுத்த வருஷமே காம்பாக்கின் தலைவர் எக்கார்ட் பைபர் பதவியிழந்தார். மைக்கேல் கெப்பெல்லாஸ் என்பவர் அந்த ஸ்தானத்துக்கு வந்தார்.

இந்தச் சமயத்தில் டெல் என்ற மூன்றாவது ஒருவர் கடைத்தெருவையே கலக்கிக்கொண்டிருந்தார். மைக்கேல் டெல், கல்லூரி மாணவராக இருந்தபோதே 1984-ல் வியாபாரம் தொடங்கியவர். கடையும் வேண்டாம், கிடங்கும் வேண்டாம். வாங்குகிறவர் டெலிபோனில் கேட்கட்டும், கேட்ட பிறகு செய்து அனுப்பலாம் என்பது அவர் முறை. சரக்குத் தேங்காது, விலையைக் குறைக்கலாம். எச்.பி.யும் காம்பாக்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்த வேளையில் டெல் இருவர் வாடிக்கையையும் அள்ளிக்கொண்டு போனார்.

எச்.பி.யின் தலைமைக்கு 1999-ல் கார்லி பியோரினா வந்தார். அவ்வளவு பெரிய அமெரிக்கக் கம்பெனிக்கு அதற்கு முன் ஒரு பெண் தலைவராக இருந்ததில்லை. அவர் எஞ்சினீர் அல்ல, எச்.பி.யில் வளர்ந்தவரும் அல்ல. லூசெண்ட் கம்பெனியில் விற்பனைத் துறையில் பெயர் எடுத்தவர். மேடையேறினால் சபையைக் கட்டிப்போடக் கூடியவர். உறங்கிக்கொண்டிருக்கும் கம்பெனியைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பதற்காகவே டைரக்டர்கள் அவரை அழைத்து வந்தார்கள். அந்த டைரக்டர்களில் ஒருவர் வால்ட்டர் ஹ்யூலெட். ஸ்தாபகர் வில்லியம் ஹ்யூலெட்டின் மூத்த பிள்ளை.

2001 செப்டம்பர் 3-ம் தேதி இரவு விஷயம் வெளியாயிற்று. எச்.பி., காம்பாக்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். மதிப்பு 2,500 கோடி டாலர். ரொக்கம் கிடையாது, காம்பாக் பங்கு ஒன்றுக்கு எச்.பி. பங்கில் 0.6325 பாகம். இரண்டும் சேர்ந்தால் வருஷ வியாபாரம் 8,700 கோடி டாலர், ஐ.பி.எம்.முக்குச் சமமாக நிற்கலாம். வருஷத்துக்கு 250 கோடி டாலர் செலவு மிச்சமாகும். அந்த மிச்சத்தின் ஒரு பகுதிக்குப் பெயர், 15,000 பேருக்கு வேலை போகும் என்பது. மறுநாள் சந்தையில் எச்.பி. பங்கின் விலை ஒரே நாளில் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் சரிந்தது. ஒரு வாரத்தில் நியூயார்க் கோபுரங்கள் இடிந்தன. கொஞ்ச நாளைக்கு ஒருவருக்கும் வேறு நினைவே இல்லை.

இங்கேதான் வால்ட்டர் ஹ்யூலெட்டின் தர்மசங்கடம் ஆரம்பமாகிறது. அவர் ஹார்வர்டில் பௌதிகமும் ஸ்டான்போர்டில் எஞ்சினீரிங்கும் படித்தவர். பிறகு சங்கீதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். செல்லோ வாத்தியம் வாசிப்பார். பழைய ஐரோப்பிய சாகித்தியகர்த்தாக்களின் ஸ்வரப் பிரதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாப்பதற்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்தி வந்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத சுபாவம். டைரக்டர்கள் கூட்டத்தில் இந்த இணைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்துக்கு டைரக்டர்கள் ஏகமனதாகச் சம்மதிக்க வேண்டும், அவர் மறுத்தால் காம்பாக் விலையை ஏற்றிவிடக் கூடும், டைரக்டர் என்ற முறையில் சம்மதித்துவிட்டுப் பங்குதாரர் என்ற முறையில் எதிர்த்து வாக்களிக்கலாம் என்று கம்பெனியின் வக்கீல் சொன்னதாக அவர் பின்னால் கோர்ட்டில் சாட்சியம் கூறினார். அவரும் சம்மதித்துக் கை தூக்கிவிட்டார். சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் ஒரு மனிதனுக்கு இரண்டு தொப்பி இருக்கலாம்; மனச்சாட்சி ஒன்றுதானே இருக்கிறது? அந்த இரண்டு மாதங்கள் அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

நவம்பர் 6-ம் தேதி அவர் வெளிப்படையாகச் சொன்னார்: நானும் என் சகோதரிகளும் இதை எதிர்த்து வாக்களிப்போம். டேவிட் பாக்கார்டின் மகன் டேவிட் உட்லி பாக்கார்டும் அதே பக்கம் நின்றார். அவரும் கிரேக்க மொழிப் பண்டிதர். பாலோ ஆல்ட்டோவில் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றைப் புதுப்பித்துப் பழைய படங்களைக் காட்டி வந்தவர். வியாபாரம் செய்து கோடி கோடியாகச் சேர்த்த இரண்டு தகப்பனார்களின் பிள்ளைகள் ஒருவர் சங்கீதத்துக்கும் மற்றவர் கிரேக்கத்துக்கும் போனதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு என்பதை மறைப்பானேன்? டிசம்பரில் பாக்கார்ட் அறநிலையமும் அவர்களோடு சேர்ந்தது. இரண்டு குடும்பமும் அறநிலையங்களும் சேர்ந்து ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு வைத்திருந்தன.

எதிர்ப்பாளர்களின் வாதத்தை வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிட முடியாது. எச்.பி.யின் கஜானா அதன் அச்சு யந்திரமும் அதற்கு ஊற்றும் மசியும்தான். யந்திரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு மசியில் சம்பாதிப்பது; குதிரையைத் தானமாகக் கொடுத்துவிட்டுக் கொள்ளு வியாபாரம் செய்கிற மாதிரி. இந்தப் பொன்முட்டையில் நூற்றுக்கு முப்பத்தாறு பங்கைக் காம்பாக்காருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டெல்லிடம் தினம் அடி வாங்கும் கம்ப்யூட்டர் வியாபாரத்தை இன்னும் தலையில் ஏற்றிக்கொள்வானேன் என்று வால்ட்டர் கேட்டார். இரண்டு நொண்டிகள் தோளில் கை போட்டுக்கொண்டால் ஓட்டக்காரன் ஆகிவிடுவார்களா? முன்னுதாரணமும் இருந்தது. 1986-ல் பர்ரோஸ், ஸ்பெர்ரி என்ற இரண்டு பழைய போட்டிக் கம்பெனிகள் ஐ.பி.எம்.மை எதிர்ப்பதற்காக ஒன்றாயின. யார் பெயர் என்ற சண்டையே வேண்டாம் என்று சிப்பந்திகளுக்குள் போட்டி வைத்து, யூனிஸிஸ் என்று மூன்றாவதாக ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு ஐ.பி.எம்.முக்கு அடுத்த பெரிய கம்பெனி அதுதான். ஆனால் ஐ.பி.எம். அசையவில்லை, யூனிஸிஸ்தான் வருஷா வருஷம் சிறுத்தது.

பியோரினாவின் வாதமும் லேசானதல்ல. அச்சு மசியை நம்பி ஒரு கம்பெனி எத்தனை நாள் உட்கார்ந்திருக்கும்? பெரிய வாடிக்கைக்காரர்கள் யந்திரம், அதை நடத்தும் ஆள், பழுது பார்க்கும் உத்தரவாதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கிறார்கள். அதற்குத் தகுந்த பருமன் இல்லாதவர்கள் சந்தையில் நிற்க முடியாது. தவிர, "எச்.பி. வழி" என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பது ஸ்தாபகர்களின் வழி அல்லவே என்றும் அவர் கேட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சண்டைக்கு இரண்டு வருஷம் முன்பே, அந்த மோட்டார் ஷெட்டில் பிறந்த அளவைக் கருவி வியாபாரத்தை எச்.பி. தனியே பிரித்து, அஜிலண்ட் என்று வேறு பெயர் கொடுத்து அனுப்பிவிட்டது. தகப்பனார்கள் கையால் செய்த தொழில் எதுவோ, அது அந்த வீட்டை விட்டு ஏற்கெனவே போய்விட்டது. பிள்ளைகள் காப்பாற்ற நினைத்தது பெயரையும் பழக்கத்தையுந்தான்.

இரண்டு தரப்பும் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரங்களில் சண்டை போட்டுக்கொண்டன. வால்ட்டர் ஒரு சங்கீதக்காரர், கல்வியாளர், கம்பெனியில் ஒரு நாளும் வேலை பார்த்தவர் அல்லர் என்று பங்குதாரர்களுக்குக் கம்பெனியின் பெயரில் கடிதம் போயிற்று. சொன்னதெல்லாம் உண்மைதான். உண்மையைச் சொல்லும் தொனியிலேயே ஒருவரைச் சிறுமைப்படுத்திவிட முடியும் என்பதற்கு அந்தக் கடிதம் நல்ல உதாரணம். பிள்ளைகள் தரப்பு வாக்குச் சீட்டின் நிறம் பச்சை. கம்பெனியின் சீட்டு வெள்ளை.

2002 மார்ச் 19-ம் தேதி காலை, கூப்பர்ட்டினோ என்ற ஊரில் ஒரு கல்லூரி அரங்கத்தில் பங்குதாரர்கள் கூடினார்கள். வால்ட்டர் பேச எழுந்தபோது சபையில் பலர் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆனால் இந்த மாதிரி வாக்கெடுப்புகளைக் கைதட்டல் தீர்மானிப்பதில்லை. பாங்கிகளும் பென்ஷன் நிதிகளும் பெட்டி பெட்டியாக வைத்திருக்கும் பங்குகளே தீர்மானிக்கின்றன. சீட்டுகளை எண்ணி முடிக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. முடிவில் ஆதரவு 83 கோடியே 79 லட்சம். எதிர்ப்பு 79 கோடியே 26 லட்சம். நூற்றுக்கு 51.4-ம் 48.6-ம்! காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட இவ்வளவு நெருக்கமாக விழுந்திராது. காம்பாக் பங்குதாரர்களோ பத்துக்கு ஒன்பது பேர் சம்மதித்தார்கள்.

எண்ணிக்கை முடிவதற்கு முன்பே விவகாரம் கோர்ட்டுக்குப் போய்விட்டது. ஜெர்மானிய பாங்கியான டாய்ச் பாங்க், தன் கையிலிருந்த பங்குகளில் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சத்தை எதிர்ப்பிலிருந்து ஆதரவுக்குக் கடைசி நேரத்தில் மாற்றியிருந்தது. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால் பியோரினா தம்முடைய நிதி அதிகாரிக்கு டெலிபோனில் விட்டு வைத்த செய்தி ஒன்று பத்திரிகையில் வெளியாயிற்று. அந்த பாங்கியை நம் பக்கம் கொண்டுவர ஏதாவது அசாதாரணமாகச் செய்ய வேண்டியிருக்கலாம் என்ற பொருள்பட அதில் பேசியிருந்தார். வாக்கை விலைக்கு வாங்கினார்கள் என்று வால்ட்டர் வழக்காடினார். டெலாவேர் மாகாணத்து நீதிபதி வில்லியம் சாண்ட்லர் மூன்று நாள் விசாரித்தார். ஏப்ரல் 30-ம் தேதி, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த வாக்குகளை எதிர்ப்பிலேயே வைத்துக் கணக்குப் போட்டாலும் ஆதரவுதான் சற்று மேலே நிற்கிறது. (அமெரிக்க சர்க்காரின் பங்குச் சந்தைக் கமிஷன் அடுத்த வருஷம் டாய்ச் பாங்கின் முதலீட்டுப் பிரிவுக்கு ஏழரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. எச்.பி.யோடு தனக்கிருந்த கொடுக்கல் வாங்கலை அது தன் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லவில்லை என்பது குற்றம்.) வால்ட்டர் மேலே அப்பீல் செய்யவில்லை. வழக்குப் போட்டதற்காக அவருடைய டைரக்டர் பதவி புதுப்பிக்கப்படாமலே போயிற்று. 63 வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு குடும்பத்திலிருந்தும் ஒருவர்கூட இல்லாத சபையாக அது ஆயிற்று.

மே 3-ம் தேதி இரண்டும் ஒன்றாயின. பத்திரிகைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உண்மையான கஷ்டம் அப்போதுதான் வெளியே வந்தது.

சட்டப்படி, அனுமதி கிடைக்கும் வரையில் போட்டிக் கம்பெனிகள் ஒன்றின் விலை ரகசியத்தை மற்றொன்றுக்குக் காட்டக் கூடாது. அதனால் இரு தரப்பிலும் ஆட்களைப் பொறுக்கி எடுத்து, மற்றவர்களிடமிருந்து பிரித்து, தனியே உட்கார வைத்திருந்தார்கள். "கிளீன் ரூம்" என்று அதற்குப் பெயர். மடி அறை என்று நாம் சொல்லலாம். எச்.பி.யின் வெப் மெக்கின்னி, காம்பாக்கின் ஜெப் கிளார்க் என்ற இருவர் அதற்குத் தலைவர்கள். நேற்று வரை எதிரி எந்த விலைக்கு விற்கிறான் என்று ஒட்டுக் கேட்டவர்கள், ஒரே மேஜையில் இரண்டு கணக்குப் புஸ்தகத்தையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. இரண்டு விற்பனைப் படை. இரண்டு சம்பளப் பட்டியல். ஒவ்வொரு யந்திரத்திலும் இரண்டு தினுசு. எதை வைத்துக்கொள்வது? டிஜிட்டலை வாங்கியபோது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் காம்பாக் திண்டாடியது. அதனால் இந்தத் தடவை ஒரே ஒரு விதி வைத்தார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு. அத்துடன் நடையைக் கட்டு. இரண்டையும் கலந்து மூன்றாவது ஒன்று செய்யலாம் என்ற பேச்சே கூடாது. இணைப்பு முடிந்த சில நாட்களிலேயே முடிவுகளை அறிவித்துவிட்டார்கள். பெரிய அலுவலகங்களுக்கான யந்திரங்களில் காம்பாக்கின் புரோலயண்ட் தங்கியது, எச்.பி.யின் நெட்சர்வர் போயிற்று. உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டரில் காம்பாக்கின் ஐபாக் தங்கியது, எச்.பி.யின் ஜோர்னடா போயிற்று.

இப்படி எழுதிவிடுவது சுலபம். ஒரு ஜோர்னடாவுக்குப் பின்னால் எத்தனை எஞ்சினீர்கள் எத்தனை இரவு கண் விழித்தார்களோ! தோற்றது சந்தையில் அல்ல. வாடிக்கைக்காரன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெயித்த கம்பெனியில் இருந்துகொண்டே, பெயர்ப் பலகையில் தங்கள் பெயர் இருக்கும்போதே, தாங்கள் செய்த சாமானைத் தங்கள் வீட்டுக்காரர்களே குப்பையில் போட்டதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. போட்டிக்காரனிடம் தோற்றால் மறுபடி மோதலாம் என்ற ரோஷமாவது மிஞ்சும். இங்கே அதற்கும் வழியில்லை. அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறான்.

டிஜிட்டல்காரர்களின் கதிதான் எல்லாவற்றிலும் விசித்திரம். ஆல்பா என்று ஒரு கணக்கிடும் சில்லை அவர்கள் செய்திருந்தார்கள். 1992-ல் வெளிவந்தபோது வேகத்தில் அதற்கு ஈடில்லை. 2001 ஜூன் மாதம், எச்.பி. பேச்சு வெளியே வருவதற்கு முன்பே, காம்பாக் அதை மெள்ளக் கைவிடுவது என்று முடிவு செய்துவிட்டது. இட்டானியம் என்ற வேறு சில்லுக்கு மாறப்போகிறோம் என்றது. அந்த இட்டானியம், இண்டெல் கம்பெனியோடு கூட இருந்து எச்.பி. உருவாக்கியது! ஒரு வருஷத்துக்குள் அந்த எச்.பி.யே எஜமானனாக வந்து சேர்ந்தது. அப்புறம் இட்டானியமாவது வாழ்ந்ததா என்றால், அதுவும் சந்தையில் எடுபடவில்லை. 2021-ல் அதன் கடைசிச் சரக்கு வெளியே போயிற்று. ஆனால் கம்ப்யூட்டரை இயக்குவதற்காக 1977-ல் டிஜிட்டல் எழுதிய வி.எம்.எஸ். என்ற மூலத் திட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு இணைப்புகளைத் தாண்டி, 2014-ல் வேறொரு சின்னக் கம்பெனியின் கைக்குப் போய், இன்றும் உயிரோடு இருக்கிறது. பெரிய வீடு இடிந்த பிறகும் கொல்லையில் காய்த்துக்கொண்டிருக்கும் முருங்கை மரத்தைப் பார்த்திருப்பீர்கள்.

காம்பாக்கின் கெப்பெல்லாஸ் புதிய கம்பெனிக்குப் பிரசிடெண்டாக வந்தார். 2002 நவம்பரிலேயே வேறு கம்பெனிக்குத் தலைவராகப் போய்விட்டார். ஒரு உறையில் இரண்டு கத்தி எத்தனை நாள் இருக்கும்? பியோரினாவை 2005 பிப்ரவரியில் டைரக்டர்கள் விலக்கினார்கள். அவருக்குப் பின் மார்க் ஹர்ட் என்பவர் வந்து செலவை இறுக்கிப் பிடித்தார். 2006-ல் எச்.பி., டெல்லைப் பின்னுக்குத் தள்ளி உலகத்தில் முதலிடத்துக்கு வந்தது. பியோரினா சொன்ன பருமன் உண்மையிலேயே பயன்பட்டது. பயன்பட்டபோது அவர் அங்கே இல்லை. ஐந்து வருஷம் கழித்து இன்னொரு தலைவர், இந்தக் கம்ப்யூட்டர் வியாபாரமே வேண்டாம், பிரித்துவிடலாமா என்று யோசிப்பதாக அறிவித்தார். அதற்குப் பிறகு வந்த தலைவர் கூடாது என்றார். வால்ட்டர் ஜெயித்தாரா, பியோரினா ஜெயித்தாரா என்று அமெரிக்காவில் இன்னும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், கடைக்குக் கணக்கு எழுதுகிறவனாக இருந்திருந்தால் வெள்ளைச் சீட்டில் வாக்களித்திருப்பேன். 1970-ல் நூற்றுக்குப் பத்துச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தவனாக இருந்திருந்தால் பச்சைச் சீட்டில்தான். அந்தப் பதினையாயிரம் பேரில் இந்த இரண்டு வகையும் இருந்திருப்பார்கள் அல்லவா?

காம்பாக் என்ற பெயரை எச்.பி. 2013 வாக்கில் தன் சரக்குகளிலிருந்து எடுத்துவிட்டது. 2015 நவம்பர் முதல் தேதி எச்.பி.யே இரண்டாகப் பிரிந்தது. சொந்த உபயோகக் கம்ப்யூட்டரும் அச்சு யந்திரமும் ஒரு பாகமாக எச்.பி. என்ற இரண்டு எழுத்தோடு கலிபோர்னியாவில் தங்கின. பெரிய அலுவலக யந்திரங்களை எடுத்துக்கொண்ட மற்றப் பாகத்துக்கு ஸ்தாபகர்களின் முழுப் பெயர் கிடைத்தது. ஹ்யூலெட் பாக்கார்ட் என்டர்பிரைஸ் என்ற அந்தப் பாகம், தன் தலைமைக் காரியாலயத்தை டெக்ஸாஸுக்கு மாற்றப்போவதாக 2020 டிசம்பரில் அறிவித்து, 2022-ல் புதுக் கட்டடத்துக்குக் குடிபோயிற்று. காம்பாக் பிறந்த ஹூஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில், ஸ்பிரிங் என்ற புறநகரில் இருக்கிறது அந்தக் கட்டடம். அங்கே கம்பெனியின் பெயரில் வரிசை மாறவில்லை: முதலில் ஹ்யூலெட், பிறகு பாக்கார்ட்.